ஸ்பெயினில் குழுவோடு ஓவிய விடுமுறை: அறுபதுக்குப் பிறகு தூரிகை பிடிப்பவருக்கு முழு வழிகாட்டி

வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் ஓவியம் பழகத் தொடங்கி, தெற்கு ஸ்பெயினுக்குக் குழுவோடு போய் வரைய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே புதியவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வரையத் தெரியாததால் திணறியவர்கள் குறைவு. பெரும்பாலானோர் முதலில் விமான டிக்கெட் எடுக்கிறார்கள், அடுத்து கடைக்குப் போய்ப் பெட்டி நிறைய வண்ணம் வாங்குகிறார்கள், பழகுவதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் பாதிச் சிக்கல் வராது.

வாட்டர்கலரை மனதில் வைத்தே எழுதுகிறேன். வெளியில் உட்கார்ந்து வரையும் புதியவருக்கு அதுதான் சுமை குறைவு.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், ஊர் பிறகு

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். செவில்லாவிலும் கோர்தோபாவிலும் அந்த மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். உடம்பு ஒருபக்கம் இருக்கட்டும், காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும்போது வானத்துக்கு அடிக்கும் வாஷ் (தண்ணீர் கலந்து பரப்பும் மெல்லிய வண்ணப் பூச்சு) பாதித் தாளைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிடும். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை, இல்லையென்றால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய, இவைதான் நல்ல காலம். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தைத் தவிருங்கள். ஊர்வலங்களால் தெருக்கள் அடைபட்டிருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும்.

இன்னொன்று, நம் ஆட்கள் எல்லோருமே தடுமாறும் இடம். ஸ்பெயினின் கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது. கோடையில் கிரனாடாவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, 2 மணிக்கும் மேல். வெப்பம் கடுமையாவது மாலை 5 மணியை ஒட்டி. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஆகவே "மதியம் ஓய்வு, 4 மணிக்குக் கிளம்பலாம்" என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே சரிப்படாது. காலை 9க்கும் பன்னிரண்டரைக்கும் இடையே ஒரு படம், மாலை ஆறரைக்கு மேல் ஒன்று.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முழங்காலைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிரனாடாவின் அல்பைசின் பகுதி அழகுதான், ஆனால் உருண்டைக் கற்கள் பதித்த செங்குத்துச் சந்துகள். ஃபிரிஹிலியானாவில் தெரு என்பதே பாதி இடங்களில் படிக்கட்டு. ஆல்புஹாரா மலைக் கிராமங்களான பம்பனேய்ராவும் கப்பிலேய்ராவும் 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்ச்சி உண்டு, ஏற்ற இறக்கமும் உண்டு. நடக்கச் சிரமப்படுபவருக்கு செவில்லாவும் கடல் சூழ்ந்த காதிஸும் சமதளம். ரோந்தாவின் பெரிய பாலத்தைப் பள்ளத்தாக்கின் அடியிலிருந்துதான் வரைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மேலே ஓரத்திலிருந்து பார்த்தாலே 98 மீட்டர் ஆழமும் தெரியும்.

2. ஏற்பாட்டாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

விளம்பரத்தில் "எல்லா நிலையினருக்கும்" என்று இருக்கும். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சில குழுக்களில் அதன் பொருள், பத்து வருடம் வரைந்தவர்கள் ஒன்பது பேர், நடுவில் நீங்கள் ஒருவர். போன பருவத்தின் நாள்வாரி நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

நிரலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆசிரியர் வரைந்து காட்டும் நேரம் தினமும் உண்டா, அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் வந்து நிற்கிறாரா, மழையோ வெயிலோ வந்தால் ஒதுங்க ஸ்டூடியோ இருக்கிறதா. ஓர் ஆசிரியருக்கு எட்டு பேர் என்றால் நல்லது. பன்னிரண்டைத் தாண்டினால் உங்கள் பக்கத்தில் அவர் நிற்பது சில நிமிடங்கள்தான்.

பிறகு, கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடும் கேள்விகள். தங்குமிடத்தில் லிஃப்ட் உண்டா? அறையிலிருந்து வரையும் இடத்துக்கு எவ்வளவு தூரம், எத்தனை படி? போகிற இடத்தில் கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா? தனி அறைக்குக் கூடுதலாக எவ்வளவு? வரையாத கணவரோ மனைவியோ கூட வந்தால் அவர் நாள் முழுக்க என்ன செய்வார்? பாடம் எந்த மொழியில்? "வயதானவர்கள் வரலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். மீட்டரிலும் படிக் கணக்கிலும் சொல்லச் சொல்லுங்கள்.

குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும் என்பதையும், அது எந்தத் தேதியில் உறுதியாகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதிக்கு முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட் எடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்குமிடம், பயிற்சி, பயணம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பவர், தன் நிறுவனம் நொடித்தாலும் வாடிக்கையாளர் பணம் திரும்பக் கிடைக்கப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும். அதன் விவரத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

3. விசா, காப்பீடு, டிக்கெட்: இந்த வரிசையில்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா (ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் உள்ள தமிழர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற வரம்பு இரு தரப்புக்கும் பொருந்தும்.

வகுப்பு உறுதியானதற்கான கடிதம் முதலில். அதற்குப் பிறகு விமானத்துக்கு முன்பதிவு மட்டும், பிறகு காப்பீடு, பிறகு விசா விண்ணப்பம். முழுப் பணம் கட்டி டிக்கெட் எடுப்பது விசா கைக்கு வந்தபின். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்பத்தை வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஓய்வு பெற்றவர்கள் ஓய்வூதியச் சான்றையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து வையுங்கள். வேலை பார்க்கும் இடத்துக் கடிதம் இல்லாத குறையை அவைதான் ஈடுகட்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தத் தொகையைக் காட்டும் மலிவான பாலிசி விசா அதிகாரிக்குப் போதும், உங்களுக்குப் போதாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் என்று ஏற்கெனவே உள்ளதை மறைக்காமல் சொல்லி, அதற்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் பாலிசியாக எடுங்கள். வகுப்புக் கட்டணம் பெரிய தொகை என்பதால், உடல்நலக் காரணத்தால் பயணம் ரத்தானால் பணம் திரும்பும் பிரிவும் அதில் இருக்கட்டும்.

4. கிளம்புவதற்கு முன் வீட்டில் பழகவேண்டியவை

இந்த இடத்தில்தான் பயணம் தேறுவதோ கெடுவதோ. புதுப் பெட்டியின் பிளாஸ்டிக் உறையை அங்கே போய்ப் பிரிப்பவரை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கலாம். எந்த நீலம் எது, தாள் எவ்வளவு தண்ணீர் குடிக்கும், பிரஷ் எவ்வளவு பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதிலேயே அவருக்கு வாரம் போய்விடும். கொடுத்த காசு அந்த ஊரைப் பார்க்கத்தானே. குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

அ) மூன்று டோனில் சின்னப் படம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டம். அதற்குள் வெள்ளை, நடுத்தரம், கருமை என்று மூன்றே அளவில், பென்சிலால், ஐந்து நிமிடத்தில் எதிரில் உள்ளதை அடக்குங்கள். தினமும் ஒன்று போதும். எதை விடுவது என்று தீர்மானிக்கக் கண் பழகும். ஸ்பெயினின் மலைக் கிராமம் ஒன்றைப் பார்த்ததும் முந்நூறு வீட்டையும் வரையக் கை துடிக்கும். அதை அடக்குவது இந்தப் பயிற்சிதான்.

ஆ) வெள்ளைச் சுவரின் நிழல். தெற்கு ஸ்பெயினான அந்தலூசியாவில் நீங்கள் வரையப்போவது பெரும்பாலும் சுண்ணாம்பு அடித்த சுவர்களை. நம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காலை எட்டு மணி வெயில் விழும்போது உட்காருங்கள். வெயில் படும் பகுதிக்கு வண்ணமே வேண்டாம், தாளை விட்டுவிடுங்கள். நிழலுக்குச் சாம்பல் நிறம் பூசினால் அழுக்காகத் தெரியும். வானம் எதிரொளிப்பதால் நிழல் நீலமும் ஊதாவும் கலந்தது. தரைக்குப் பக்கத்தில் மண்ணின் வெளிச்சம் பட்டு இளஞ்சூடாக மாறும். அல்ட்ராமரைன் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா கலந்து ஒரே வாஷில் போட்டு, ஈரம் காய்வதற்குள் கீழ்ப்பக்கம் எல்லோ ஓக்கர் தொட்டுவிட்டுப் பாருங்கள்.

இ) ஏறும் தெரு, இறங்கும் தெரு. பர்ஸ்பெக்டிவ் (தூரத்தைத் தாளில் காட்டும் முறை) பாடத்தில் எல்லாக் கோடும் கண் மட்டத்தில் ஒரு புள்ளியில் சேரும் என்று படித்திருப்பீர்கள். சமதளத்துக்கு அது சரி. ஏறிச் செல்லும் தெருவில் தெருவின் ஓரக் கோடுகள் கண் மட்டத்துக்கு மேலே சேரும். இறங்கும் தெருவில் கீழே. ஆனால் சன்னல், கதவின் கோடுகள் இரண்டிலும் கண் மட்டத்துக்கே போகும், ஏனென்றால் மலையில் கட்டினாலும் வீட்டை மட்டம் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். இது புரியாமல் வரைந்த இறங்கும் தெரு, எதிரே சுவர் எழுப்பியது மாதிரி நிற்கும். வீட்டுப் பக்கத்தில் மேடு இல்லையென்றால் பாலத்தின் சரிவோ கார் நிறுத்துமிடத்தின் சாய்தளமோ போதும்.

ஈ) கடிகாரம் வைத்து முடித்தல். மணிக்கு 15 டிகிரி வேகத்தில் சூரியன் நகர்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் நிழல் வேறிடம் போய்விடும். ஆகவே முக்கால் மணி நேரத்தில் படத்தை முடிக்கப் பழகுங்கள். முடியாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

இவற்றில் சிலவற்றையாவது வீட்டுக்கு வெளியே, கொண்டுபோகப்போகும் அதே முக்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். சாப்பாட்டு மேசையில் வருவது மடியில் வராது.

5. பெட்டியில் என்ன இருக்கவேண்டும்

எட்டு வண்ணம் போதும்: அல்ட்ராமரைன், செருலியன், பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், லெமன் எல்லோ, கேட்மியம் ரெட், பர்மனன்ட் அலிசரின் கிரிம்சன், சாப் கிரீன். டியூபைவிடப் பான் (காய்ந்த வண்ணக் கட்டி) நல்லது. சிந்தாது, விமானத்தில் திரவக் கணக்கிலும் வராது. பிரஷ் மூன்று: 12ஆம் எண் ரவுண்ட், 8ஆம் எண் ரவுண்ட், ஓர் அங்குலத் தட்டை. தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), நாலு பக்கமும் ஒட்டிய பிளாக் ஆக வாங்குங்கள், ஊறினாலும் அதிகம் நெளியாது. மலிவுத் தாள் வாங்கி விலையுயர்ந்த வண்ணம் வாங்குவது தலைகீழ்ச் சிக்கனம். தாள் மோசமென்றால் எந்த வண்ணமும் கைகொடுக்காது.

ஆயில் வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்பன்டைன், தின்னர் இரண்டையும் விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. அங்கே வாங்கித் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். அக்ரிலிக் அந்த வெயிலில் பேலட்டிலேயே இறுகிவிடும்.

முக்காலி விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவது எடையைப் பார்த்து. மிக லேசானது மிகத் தாழ்வாக இருக்கும். உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டும். வீட்டு நாற்காலி உயரமான 45 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் உள்ளதை, முடிந்தால் முதுகு சாயும்படி, வாங்குங்கள்.

கண்ணாடிக்கு இதே கவனம் வேண்டும். பைஃபோகல், புராக்ரஸிவ் லென்ஸ் போட்டவர்கள் நிமிர்ந்த ஈசலில் (தாளை நிறுத்தி வைக்கும் சட்டம்) வரைந்தால், படிக்கும் பகுதி வழியே பார்க்கத் தலையை அண்ணாந்து அண்ணாந்து இரண்டே நாளில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பலகையை மடியில் சாய்த்து வைத்தால் குனிந்து பார்க்கும் பகுதி சரியாக அமையும். வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்ணம் கலக்காதீர்கள், கழற்றியதும் படம் வேறு நிறத்தில் இருக்கும். அதற்குப் பதில் அகல விளிம்புத் தொப்பி. குடையென்றால் வெள்ளை அல்லது சாம்பல், நிறக்குடை தாளின் மேல் தன் நிறத்தை வீசும்.

எல்லாவற்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். எதை எடுத்து வெளியே வைப்பது என்று தோளே சொல்லும். மருந்துகள் கைப்பையில், மூல மருந்துப் பெயர் எழுதிய சீட்டோடு. கத்தி, கத்தரி பெரிய பெட்டியில்.

6. வகுப்புக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள்

வளைகுடா வழியாக மாட்ரிட் வந்தால், அங்கிருந்து அதிவேக ரயிலில் கிரனாடா சுமார் மூன்றரை மணி நேரம், மாலகா மூன்று மணிக்கும் குறைவு. வந்திறங்கிய அன்றே ரயிலும் பிடித்து மறுநாள் காலை வெயிலில் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் படுக்கைதான்.

அந்தக் கூடுதல் நாளில் வரைய வேண்டாம். தண்ணீர், மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை, நிழலான பெஞ்சு எங்கே என்று நடந்து பார்த்து வையுங்கள். அவசர உதவிக்கு எண் 112. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையைப் பார்க்க டிக்கெட்டை ஊரிலிருந்தே எடுத்திருக்க வேண்டும், நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அதற்குள் இருக்கும் நஸ்ரிய அரண்மனைகளுக்கு நுழையும் நேரம் டிக்கெட்டில் குறித்திருக்கும். அந்த நேரம் தவறினால் விடமாட்டார்கள், பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும்.

7. வரையும் இடத்தில் செய்யவேண்டிய வரிசை

இடத்துக்கு வந்ததும் பையைத் திறக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் நடங்கள். நிழல் இப்போது எங்கே என்பதைவிட இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்று பாருங்கள். உங்கள் மேல் வெயில் விழுந்தால் கண் கூசும். பலகை மேல் விழுந்தால் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைத்து, படம் தேவைக்கு மேல் இருண்டுவிடும்.

அடுத்து மூன்று சின்னப் படங்கள், வெவ்வேறு கோணத்தில். அவற்றில் ஒன்றைத் தேர்ந்ததும் பெரிய தாளில் பென்சிலால் முதலில் நிழலின் எல்லையைக் குறியுங்கள், வீட்டை அல்ல. வீடு நாளைக்கும் இருக்கும், நிழல் இருக்காது. பிறகு நிழல் எவ்வளவு நகர்ந்தாலும் குறித்ததை மாற்றாதீர்கள். புதியவர்கள் நிழலைத் துரத்திக்கொண்டே போய், கடைசியில் ஒரே படத்தில் இரண்டு சூரியன்களோடு வந்து நிற்பார்கள்.

வண்ணத்தில் வானம் முதலில், ஏனென்றால் வெள்ளைச் சுவரின் வெண்மை வானத்தின் ஆழத்தில்தான் தெரியும். அது காய்ந்ததும் எல்லா நிழலும் இணைந்த ஒரே வடிவமாக, ஒரே வாஷ். துண்டு துண்டாகப் போட்டால் படம் சிதறும். மூன்றாவதாக ஓடு, மரம், கதவு. சன்னல் கம்பியும் பூந்தொட்டியும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு. நேரமில்லையென்றால் அவை இல்லாமலே போகட்டும்.

கிரனாடாவில் சான் நிக்கோலாஸ் மேடைக்கு எல்லாக் குழுவும் போகும். எதிரே அல்ஹம்ப்ரா, பின்னால் சியர்ரா நெவாடா மலைத்தொடர், வசந்தத்தில் பனியோடு. மதியத்தில் சூரியன் கோட்டைக்குப் பின்பக்கம் இருப்பதால் அது தட்டையான நிழலுருவாகத் தெரியும். மேற்கு வெயில் சுவரில் சிவப்பாக விழும் மாலைதான் சரியான வேளை. அந்த வேளையில் கிதார்க்காரர்களும் கூட்டமும் ஜேப்படிக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள். பையின் வாரை முக்காலிக் காலில் அல்ல, உங்கள் காலில் சுற்றிக்கொள்ளுங்கள். சின்னப் படத்தைக் காலையிலேயே போய் வரைந்து வைத்துவிட்டால், மாலையில் வண்ணம் மட்டும்தான் பாக்கி.

8. சாப்பாடு

மதிய உணவு 2 மணிக்கு, இரவு உணவு 9 மணிக்கு. சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்கு இது விளையாட்டல்ல. கிளம்புமுன் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்து, பையில் எப்போதும் கடலையோ பிஸ்கட்டோ வையுங்கள்.

சைவர்களுக்கு "காய்கறி" என்று சொன்னால் போதாது. காய்கறிப் பொரியலிலும் பன்றித் தொடையின் உப்பிறைச்சித் துண்டு இருக்கும், சாலட்டில் கேட்காமலே டூனா மீன் வரும். "சோய் வெஹெத்தாரியானோ" (பெண் என்றால் "வெஹெத்தாரியானா"), "சின் ஹமோன், சின் அத்தூன்" என்று இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், செவில்லாவின் பசலைக்கீரை கொண்டைக்கடலை, பாதாமும் பூண்டும் அரைத்த அஹோபிளாங்கோ என்ற குளிர்ந்த சூப், இவை நம் நாக்குக்கு ஒத்துவரும். சல்மோரேஹோ சூப் தக்காளிதான், ஆனால் மேலே முட்டையும் இறைச்சியும் தூவுவார்கள்.

9. குழுவில் நடந்துகொள்ளும் விதம்

மாலையில் எல்லாப் படத்தையும் வரிசையாக வைத்து ஆசிரியர் பேசுவார். நம்மவர்கள், "ஒன்றும் சரியா வரலைங்க" என்று மன்னிப்புக் கேட்டபடியே வைப்பார்கள். ஆசிரியர் உடனே ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார், நஷ்டம் உங்களுக்கு. "இந்த நிழல் ஏன் அழுக்காகத் தெரிகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

உங்கள் படத்தில் அவர் பிரஷ் வைக்க வந்தால், ஓரத்திலோ தனித் துண்டுத் தாளிலோ காட்டச் சொல்லுங்கள். அவர் கை பட்ட படம் அழகாகிவிடும், ஆனால் எது நீங்கள் செய்தது என்று பிறகு தெரியாது. நாலாம் நாள் ஒரு பொழுது வரையாமல் இருந்துவிடுவது உடம்புக்கும் கண்ணுக்கும் நல்லது. கட்டிய பணம் வீண் என்று நினைத்து இழுத்துப் பிடிப்பவர்கள் ஐந்தாம் நாள் முழுக்க அறையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

10. திரும்பும்போது

படங்களை ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லிய தாள் வைத்து, இரண்டு கனத்த அட்டைக்கு நடுவே கட்டி, பெட்டியின் அடியில் தட்டையாக வையுங்கள். சுருட்ட வேண்டாம்.

மாட்ரிட் வழியாகப் போனால் பிராதோ அருங்காட்சியகத்தை வகுப்புக்கு முன் அல்ல, பின் பாருங்கள். வலென்சியாக்காரரான ஓவியர் சொரோயா 1909இல் வரைந்த கடற்கரைச் சிறுவர்களின் படம் அங்கே இருக்கிறது. வெள்ளைச் சுவரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிய கண்ணுக்குத்தான் அந்த ஈரமணலின் ஊதா நிறம் புரியும். திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை நுழைவு இலவசம், ஞாயிறு 5 முதல் 7 வரை. வரிசை நீளும், அதனால் அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள், அந்த முக்காலியோடு. உள்ளே போகும்போது பொருள் வைக்குமிடத்தில் அதை ஒப்படைக்க வேண்டியிருக்கும். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை, சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள்.